எல்லாக் கண்ணுக்கும் மாட்டுக் கணக்கு

டால்ஃபின் கண்ணின் புரதத்தைப் பற்றி எழுதும் ஆய்வாளர் ‘292-ஆம் இடம்’ என்று குறிப்பிட்டால், அது மாட்டுக் கண்ணின் புரதத்தை வைத்துப் போட்ட எண். பாலூட்டிகளின் பார்வை நிறமிகளை ஒப்பிடும் துறைக்கு மாடுதான் அளவுகோல். அந்த இடத்தை அதற்கு வாங்கிக் கொடுத்தவை இறைச்சிக்கூடங்கள்.

தொடக்கம் தவளையில். 1876-இல் ரோமில் பணியாற்றிய ஜெர்மானியர் ஃபிரான்ஸ் போல், தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும் வெளிச்சம் பட்டதும் வெளுப்பதையும் கண்டார். 30 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹைடல்பர்க்கில் வில்லி கூனே அந்தச் சிவப்பைப் பித்த உப்பின் உதவியால் கரைத்தெடுத்தார். இருட்டில் வைத்திருந்த முயலைக் கம்பி போட்ட ஜன்னலைப் பார்க்கவைத்து, சில நிமிடத்தில் கொன்று, அதன் விழித்திரையைப் படிகாரக் கரைசலில் இட்டார். ஜன்னலின் உருவம் கம்பிகளோடு அதில் பதிந்திருந்தது. கொடூரமான சோதனைதான். ஆனால், பார்வை ஒரு வேதிவினையில் தொடங்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அந்தச் சிவப்புப் பொருள்தான் ரொடாப்சின். புரதம் ஒன்று, அதற்குள் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு ஒன்று. விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933-இல் ஜார்ஜ் வால்டு கண்டறிந்தார்; ரெட்டினால் அதிலிருந்தே உருவாகிறது. பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் ரெட்டினால் ஒன்றேதான். எந்த நிற ஒளியை அது பிடிக்கும் என்பதை முடிவுசெய்வது சுற்றியிருக்கும் புரதம். அதனால்தான் புரதங்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஒப்பிடப் பொருள் வேண்டுமே! ஒரு மாட்டுக் கண்ணில் ஒரு மில்லிகிராம் ரொடாப்சின்கூடத் தேறாது. ஆய்வகங்கள் இறைச்சிக்கூடங்களிலிருந்து கண்களை நூற்றுக்கணக்கில் வாங்கின. வேலை முழுக்க மங்கலான சிவப்பு விளக்கில் நடந்தது. சிவப்பு ஒளியை ரொடாப்சின் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. விழித்திரையைச் சர்க்கரைக் கரைசலில் போட்டுக் குலுக்கினால், ரொடாப்சின் இருக்கும் கோல் செல்களின் நுனிகள் ஒடிந்து பிரியும். அவற்றைத் தனியே சேர்த்துப் புரதத்தைப் பிரித்தார்கள்.

1982-இல் மாஸ்கோவில் ஒவ்சின்னிகோவ் குழுவும், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஹார்கிரேவ் குழுவும் அதன் வரிசையைப் படித்து முடித்தன. மொத்தம் 348 அமினோ அமிலங்கள். ரெட்டினால் ஒட்டியிருப்பது 296-ஆம் இடத்து லைசினில். 1983-இல் ஜெரமி நேதன்ஸ் மாட்டின் மரபணுவைப் பிரித்தெடுத்தார். பிறகு அதையே தூண்டிலாக்கி மனிதனின் மரபணுக்களைப் பிடித்தார். மனித ரொடாப்சினிலும் அதே 348. பத்தில் ஒன்பதுக்கு மேல் மாட்டினுடையதோடு ஒத்துப்போயின. நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்களின் சிவப்பு, பச்சை நிறமிகளுக்கான மரபணுக்கள் 1986-இல் வெளியாயின. அந்த இரண்டு புரதங்களுக்கும் இடையே சுமார் 4 சதவீதம்தான் வேறுபாடு. அதிலும் 180, 277, 285 ஆகிய மூன்று இடங்களே நிற வித்தியாசத்தில் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. மாட்டுக் கணக்கில் அவை 164, 261, 269.

வரிசை தெரிந்தாலும் வடிவம் 2000-இல்தான் கைக்கு வந்தது. பால்செவ்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் மாட்டு ரொடாப்சினைப் படிகமாக்கி, சவ்வை ஊடுருவும் ஏழு சுருள்களையும் நடுவே ரெட்டினாலையும் காட்டினார்கள். பிற பாலூட்டிகளின் வேறுபாடுகள் ரெட்டினாலுக்கு எவ்வளவு அருகில் அமைகின்றன என்பதை அதன்மேல் வைத்துப் பார்க்க முடிந்தது.

டால்ஃபின் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. மாட்டு ரொடாப்சின் சுமார் 500 நானோமீட்டர் ஒளியை அதிகம் உறிஞ்சும். டால்ஃபினுடையது 488, அதாவது நீலத்தின் பக்கம். 83, 292, 299 ஆகிய மூன்று இடங்களின் மாற்றம் போதும் என்று 1998-இல் ஃபாசிக்கும் ராபின்சனும் காட்டினார்கள். 292-இல் மாட்டுக்கு அலனின், டால்ஃபினுக்கு செரின். ஆழ்நீரின் நீல வெளிச்சத்துக்கு ஏற்ற மாற்றம்தான். ஆனால் அதே டால்ஃபினின் கூம்பு செல்களில் நீலத்துக்கான மரபணு பழுதாகிக் கிடக்கிறது. தனியாகக் கடலுக்குப் போன சீல்களிடமும் நீலக் கூம்புகள் இல்லை. நீல நீரில் வாழும் இரண்டு குலங்களும் அதையே ஏன் இழந்தன என்ற கேள்வி இன்னும் விவாதத்தில் இருக்கிறது.