உயர்நிலைக் கல்வியில் கல்லூரியும் தொழிலும்: ஒருங்கிணைந்த பாடத்திட்டச் சிந்தனையின் வரலாறு

முன்னுரை

பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுகள் மாணவரைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்த வேண்டுமா, தொழிலுக்கு ஆயத்தப்படுத்த வேண்டுமா என்னும் வினா இந்தியக் கல்வி வரலாற்றில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. இவ்விரு நோக்கங்களையும் ஒரே பாடத்திட்டத்துள் இணைக்க முயன்ற கல்விக் குழுக்களின் பரிந்துரைகளைக் கால வரிசையில் நோக்கி, அவை நடைமுறையில் பிளவுபட்டதற்கான காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு கிளைகள்

1857ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவை நடத்திய மெட்ரிகுலேசன் தேர்வே உயர்நிலைப் பள்ளியின் பாடத்தைத் தீர்மானிக்கும் ஆற்றலைப் பெற்றது. இந்நிலையை மாற்ற முனைந்த 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு, உயர் வகுப்புகளை இரு கிளைகளாகப் பிரிக்கப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுக்கு உரியது. மற்றொன்று வணிகம் முதலிய நடைமுறைத் துறைகளுக்கு உரியது. இரண்டாம் கிளையை நாடியோர் மிகச் சிலரே. மெட்ரிகுலேசன் தேர்ச்சி கல்லூரிக்கு மட்டுமன்றி அரசு அலுவலுக்கும் வாயிலாக இருந்தமையால், அதனைக் கைவிடுவோர் இரண்டையும் இழக்க நேர்ந்தது. பிற்காலத் திட்டங்கள் பலவற்றிலும் தொடர்ந்து காணப்படும் குறை இங்கேயே தோன்றிவிட்டது எனலாம்.

1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழிலை ஒரு தனிப் பாடமாகச் சேர்க்காது, பிற பாடங்கள் அனைத்தையும் கைத்தொழிலின் வழியே கற்பிக்கும் முறையை அது முன்வைத்தது. எனினும் அது 7 முதல் 14 வயது வரையிலான கல்வியையே கருத்தில் கொண்டது. உயர்நிலைப் பள்ளியோ தேர்வின் பிடியிலேயே நின்றது.

1953: இரு திட்டங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, 1953இல் தன் அறிக்கையை அளித்தது. மொழி, சமூகவியல், பொது அறிவியல், ஒரு கைத்தொழில் ஆகியவற்றை அனைவருக்கும் பொதுவாக்கி, அதன்மேல் மானிடவியல், அறிவியல், தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, நுண்கலை, மனையியல் என ஏழு விருப்பப் பிரிவுகளை அது அமைத்தது. இவற்றை ஒரே வளாகத்தில் வழங்கும் பல்நோக்குப் பள்ளிகளையும், மாணவருக்குத் தொழில்வழி காட்டும் ஆசிரியர்களையும் பரிந்துரைத்தது.

அதே 1953ஆம் ஆண்டில்தான் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு தொடக்கக் கல்வியில் புதிய திட்டத்தைப் புகுத்தியது. பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பயில வேண்டும் என்ற அத்திட்டம் 'குலக்கல்வித் திட்டம்' எனக் கடுமையாக எதிர்க்கப்பட்டு, காமராசர் முதல்வரான பின் 1954இல் கைவிடப்பட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்குதல் தேவையாகும். முதலியார் குழு கூறிய கைத்தொழில் பள்ளிக்குள் அனைவருக்கும் பொதுவானது. பிரிவைத் தேர்ந்தெடுப்பதற்கு மாணவரின் நாட்டமும் திறனுமே அளவுகோல். மற்றதிலோ பிறப்பே தொழிலைச் சுட்டியது. தொழிற்கல்வி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழகத்தில் எழும் ஐயத்திற்கு இவ்வரலாறு வலுவான காரணமாகும். அவ்வையம் நியாயமானதே. கல்லூரி வாயிலை அடைத்துவிட்டுக் கற்பிக்கப்படும் தொழில், பெயர் எதுவாயினும், சமூக ஏற்றத்தாழ்வையே நிலைநிறுத்தும்.

மேனிலைக் கல்வி

1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரி குழு, பத்தாம் வகுப்பு வரை சிறப்புப் பிரிவுகள் வேண்டா எனக் கருதி, பொதுக்கல்வியோடு பணி அனுபவத்தை இணைத்தது. 10+2+3 என்னும் அமைப்பை வலியுறுத்தி, 1986ஆம் ஆண்டளவில் மேனிலை மாணவருள் 50 விழுக்காட்டினர் தொழிற்கல்வி பெற வேண்டும் என இலக்கு வகுத்தது. 1978இல் மால்கம் ஆதிசேசய்யா தலைமையிலான குழு பொதுப் பிரிவு, தொழிற்பிரிவு என இரண்டையும் வகுத்தது. இரு பிரிவினருக்கும் மொழிப்பாடம் இருக்க வேண்டும் என்றும், பொதுப் பிரிவினரும் சமூகப் பயனுள்ள ஆக்கப்பணியில் ஈடுபட வேண்டும் என்றும் அது கூறியது. அதே ஆண்டில் தமிழகப் பள்ளிகளில் மேனிலைக் கல்வி தொழிற்பிரிவுடன் தொடங்கப்பட்டது. கல்லூரிகளில் நடைபெற்ற புகுமுக வகுப்பு மறைந்தது.

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொழிற்பிரிவுக்கு 1990இல் 10 விழுக்காடு, 1995இல் 25 விழுக்காடு என இலக்குகளைக் குறைத்துக்கொண்டது. 1992இல் அவையும் ஐந்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டன. இலக்குகள் சுருங்கிய வரிசையே நடைமுறையின் நிலையை உணர்த்தும். தொழிற்பிரிவில் பயின்றோருக்கு மேற்படிப்பு வாயில் குறுகியிருந்தது. கருவிகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் போதவில்லை. ஆகவே, மதிப்பெண் குறைந்தோர் சேரும் இடம் என்ற இழிவு அப்பிரிவின்மேல் படிந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கல்விக்கும் தொழிலுக்கும் இடையே கடும் பிரிவினை கூடாது என மீண்டும் கூறியது. ஹண்டர் குழுவுக்குப் பின் 138 ஆண்டுகள் கடந்தும் அதே கருத்தைக் கூற நேர்ந்தமை எண்ணத்தக்கது.

மொழிப்பாடத்தின் இடம்

தமிழக மேனிலைக் கல்வியில் பொதுப் பிரிவினரும் தொழிற்பிரிவினரும் ஒரே பாடநூலைப் பயின்ற இடங்களுள் தமிழ் வகுப்பு முதன்மையானது. ஒருங்கிணைப்பு என்பது ஓரளவேனும் நிகழ்ந்தது அங்கேதான். செய்யுள் நயமுணர்தலோடு, தொழிற்கலைச் சொற்களை ஆளுதல், அறிக்கை வரைதல், கருவியின் செயல்முறையைத் தெளிவாக எழுதுதல் ஆகியவற்றையும் அவ்வகுப்பு ஏற்குமாயின், கல்லூரிக்குச் செல்வோரும் பணிக்குச் செல்வோரும் ஒருங்கே பயன்பெறுவர். இதனைத் தமிழ்ப் பாடநூல் ஆக்குவோர் கருத்தில் கொள்ளுதல் நலம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஒருங்கிணைந்த பாடத்திட்டம் என்னும் கருத்து குழுக்களின் அறிக்கைகளில் படிப்படியாக வளர்ந்தது. நடைமுறையில் அது இரு வகை மாணவரைப் பிரிக்கும் கருவியாயிற்று. தேர்வு முறையும் மேற்படிப்புத் தடையும் அதற்குக் காரணங்களாயின. ஒரே மாணவர் இரண்டையும் பயின்று, எந்த வாயிலும் அடைபடாது வெளியேறும்போதே ஒருங்கிணைப்பு என்னும் சொல் பொருளுடையதாகும்.