'சட்டாம்பிள்ளை' என்றால் என்ன? சொல்லின் பொருளும் வரலாறும்

ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்பைக் கவனித்துக்கொள்ளும் மாணவரை இன்று 'லீடர்' என்கிறோம். தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் அவருக்கு வழங்கிய பெயர் 'சட்டாம்பிள்ளை'.

சொற்பிறப்பு

மாணவரைக் குறிக்கும் 'சாத்ர' என்னும் வடசொல்லுடன் இச்சொல் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. கன்னியாகுமரி மாவட்டம் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னர் கருநந்தடக்கன் 866-ஆம் ஆண்டு நிறுவிய சாலையின் செப்பேடு, அங்குப் பயின்ற 95 மாணவர்களைச் 'சட்டர்' என்றே குறிப்பிடுகிறது. மலையாளத்தில் இது 'சட்டம்பி' ஆனது. ஆசானின் பள்ளியில் சட்டாம்பிள்ளையாக இருந்ததாலேயே சட்டம்பி சுவாமிகள் அப்பெயரைப் பெற்றார்.

கற்பிக்கும் மாணவர்

அமைதி காப்பது மட்டும் சட்டாம்பிள்ளையின் பணியன்று. தான் கற்ற பாடத்தை இளைய மாணவர்களுக்குச் சொல்லித் தருவதும் அவர் கடமை.

சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் காப்பகத்தை 1789 முதல் மேற்பார்வையிட்ட பாதிரியார் ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைப் பின்பற்றக் காப்பக ஆசிரியர்கள் தயங்கவே, எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். முயற்சி வெற்றி பெற்றது.

ஸ்ரீரங்கப்பட்டணம் தொடர்பு

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தானின் மகன்கள் இருவர் பிணையாகச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1794-இல் அவர்கள் தந்தையிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோது, உடன் சென்ற குழுவில் காப்பக மாணவர் வில்லியம் ஸ்மித்தும் இடம்பெற்றார். திப்புவின் முன்னிலையில் அவர் அறிவியல் சோதனைகளைச் செய்து காட்டியதைத் தமது முறையின் பலனுக்குச் சான்றாக பெல் பதிவு செய்துள்ளார்.

உலகம் சுற்றிய முறை

1797-இல் லண்டனில் வெளியான பெல்லின் நூல் மூலம் இது 'மெட்ராஸ் முறை' எனப் புகழ் பெற்றது. குறைந்த செலவில் பலருக்குக் கற்பிக்க உதவியதால் பல நாடுகளுக்குப் பரவியது. மனப்பாடத்தையே வளர்க்கிறது என்ற விமர்சனமும் எழுந்தது. இந்தியத் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்த முறையையே பெல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார் என்பதை 1814-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டனர்.

1832-இல் மறைந்த பெல், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அம்முறையைத் தலைமுறைகளாகக் காத்துவந்த திண்ணைப் பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. அதிகாரம் செலுத்துவோரைப் பழிக்கும் 'சட்டாம்பிள்ளைத்தனம்' என்ற வழக்கு இன்றும் இருக்கிறது. சொல்லித் தந்த பிள்ளையைத்தான் மறந்துவிட்டோம்.