சேர்வராயன் மலை மலையாளிகள்: கல்வியும் பொறுப்பும் முன்மாதிரிகளும்

சேலம் நகரை ஒட்டி எழும் சேர்வராயன் மலையில் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் பழங்குடி மக்கள் மலையாளிகள். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ்; மலையில் வாழ்பவர் என்பதே இங்கு அந்தச் சொல்லுக்குப் பொருள். சேர்வராயன், கொல்லி மலை, பச்சை மலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, ஏலகிரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பரவியிருக்கும் இவர்களே தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்களின் எண்ணிக்கை 3,57,980. மாநிலத்தின் பழங்குடியினர் 7,94,697 பேரில் ஏறக்குறைய 45 விழுக்காடு. இம்மக்களின் கல்வி நிலையையும், அதில் சொந்த முயற்சிக்கும் அரசின் கடமைக்கும் முன்மாதிரிகளுக்கும் உள்ள இடத்தையும் இக்கட்டுரை கூறுகிறது.

மலையும் மக்களும்

காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு மலையேறினார்கள் என்பது மலையாளிகளின் தோற்றக் கதை. பெரியண்ணன் சேர்வராயனில் தங்கினார், மற்ற இருவர் கொல்லி மலைக்கும் பச்சை மலைக்கும் போனார்கள் என்பது ஒரு வழக்கு. காராளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்வதும் உண்டு. கேழ்வரகும் சாமையும் விதைத்து, காட்டை நம்பிப் பிழைத்தவர்கள். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் உள்ள ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கிய பிறகு மலையின் முகமே மாறியது. காட்டை அழித்துத் தோட்டங்கள் வந்தன. காடு தங்களுடையது என்றிருந்தவர்களில் பலர் அடுத்த தலைமுறைகளில் அந்தத் தோட்டங்களுக்கே கூலியாட்களாகப் போனார்கள். கல்வியைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட முடியாது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் கார்த்திகை, மார்கழி, தை. பள்ளியில் அரையாண்டுத் தேர்வு நடக்கும் காலமும் அதுதான்.

ஒரே மலையில் இரண்டு பள்ளிகள்

ஏற்காடு பள்ளிகளுக்குப் பேர்போன ஊர். குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியரின் திருஇருதயப் பள்ளி 1894இல் தொடங்கியது. புனித கபிரியேல் சகோதரர்களின் மான்ட்போர்ட் பள்ளி 1917இல் வந்தது. ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளை மனத்தில் வைத்து அன்று எழுந்த இவ்வகை உறைவிடப் பள்ளிகளுக்கு, பிறகு நாடெங்குமிருந்து பிள்ளைகள் வந்தார்கள். சசி தரூர், அன்புமணி ராமதாஸ், கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி, நடிகர் விக்ரம் ஆகியோர் மான்ட்போர்ட்டில் படித்தவர்கள்.

இந்தப் பள்ளிகள் நன்றாக நடந்தது யாருக்கும் தீங்கன்று. ஆனால் நூறாண்டுக்கு மேலாக இந்தியாவின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கத் தேடிவரும் மலையில், அதே மலையின் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாம் வகுப்பையோ எட்டாம் வகுப்பையோ தாண்டாமல் நின்றுபோனார்கள். வாழவந்தியிலோ நாகலூரிலோ மாரமங்கலத்திலோ பிறந்த பிள்ளைக்கு ஏற்காட்டின் புகழ்பெற்ற பள்ளி என்பது அப்பாவோ அம்மாவோ வேலைக்குப் போகும் வழியில் தெரியும் மதில் சுவர். படிப்பு கண்ணுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு வாய்த்தது வேறொரு பள்ளி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அல்லது பழங்குடியினர் நலத்துறை நடத்தும் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. அரிசியும் படுக்கையும் புத்தகமும் கொடுத்துப் பிள்ளைகளை அங்கேயே தங்கவைத்துப் படிக்கவைக்கும் இந்தப் பள்ளிகள் இல்லாவிட்டால், சிதறிக் கிடக்கும் மலைக் குடியிருப்புகளில் இன்று இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பாதிப் பேர் கூட உருவாகியிருக்க மாட்டார்கள் என்பதே என் கணிப்பு. நடுவண் அரசின் உதவியோடு நடக்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி ஒன்று சேலம் மாவட்டத்தில் அபிநவத்தில் உள்ளது.

பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 41.5 விழுக்காடு; மாநிலச் சராசரி 73.5. 2011இல் பழங்குடியினர் 54.3, மாநிலம் 80.1. இந்த நான்கு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். பத்தாண்டில் மாநிலம் ஏறியது ஏழு புள்ளிக்கும் குறைவு. பழங்குடியினர் ஏறியது ஏறக்குறைய 13 புள்ளி. மலைக்காரர்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று சமவெளியில் சாதாரணமாகச் சொல்லப்படும் பேச்சுக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. பின்தங்கி நின்ற இடத்திலிருந்து அவர்கள் மற்றவர்களைவிட வேகமாகவே ஏறிவந்திருக்கிறார்கள்.

பிறகு எங்கே தடைபடுகிறது? பெரும்பாலும் எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் இடையில். தொடக்கப் பள்ளி ஊரிலேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு நடக்க வேண்டும், அல்லது நாளைக்கு ஓரிரு நடை வரும் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். பனியும் மழையும் சேர்ந்த மாதங்களில், வயதுக்கு வந்த பெண்ணை அந்த வழியில் தனியே அனுப்பத் தாய்க்கு மனம் வருவதில்லை. இளவயதுத் திருமணம் பல நேரம் இந்தத் தூரத்திலிருந்துதான் தொடங்குகிறது. பையன்களுக்கு வேறு வழி திறக்கிறது: திருப்பூர் பனியன் கம்பெனி, கேரளத்து மிளகுத் தோட்டம், கட்டட வேலை. பெற்றோர் இருவரும் வேலைக்காக வெளியூர் போனால், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பள்ளி முடிந்துபோகிறது. பள்ளியில் ஆசிரியர் இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும் இதே முடிவுதான். ஆங்கிலத்துக்கோ கணக்குக்கோ ஆளில்லாத பள்ளியில் படித்த பிள்ளை பத்தாம் வகுப்பில் தவறினால், படிப்பு ஏறவில்லை என்ற பெயர் பிள்ளைக்குத்தான் வந்து சேர்கிறது.

இருளர், தோடர் போன்றோரின் பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு ஒன்று, பாடமொழி வேறொன்று என்ற சுமை உண்டு. மலையாளிப் பிள்ளைக்கு அந்தச் சுமை இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் தமிழ்தான். ஆகவே இங்கே தடை மொழியில் இல்லை. தூரத்தில், வறுமையில், ஆளில்லாத வகுப்பறையில் இருக்கிறது.

இன்னொரு தடை காகிதத்தில் உள்ளது. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் வழங்குபவர் கோட்டாட்சியர் நிலை அதிகாரி. மற்றவர்கள் வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடித்துக்கொள்வதை இவர்கள் மலையிறங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிப் போய் முடிக்க வேண்டியிருக்கிறது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு இது, தேவையானதும் கூட. ஆனால் அதன் செலவை உண்மையான பழங்குடியினரே தாங்குகிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் வாழும் மலையாளிகளின் நிலை இன்னும் கடினம். பட்டியலில் மலையாளிகள் என்ற பெயரோடு சேலம், தருமபுரி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை மாவட்டங்களின் பெயர்கள் மட்டுமே உள்ளன. அதனால் அதே மக்கள், மாவட்ட எல்லையைத் தாண்டிய ஒரே காரணத்தால் பழங்குடிச் சான்றிதழ் இல்லாமல் நிற்கிறார்கள்.

யாருடைய பொறுப்பு

ஒடுக்கப்பட்ட மக்கள் முன்னேறுவது அவர்கள் கையிலா, அரசின் கையிலா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே அது இரண்டு பெரும் ஆளுமைகளின் வாதமாகவே நடந்தது. அடிமையாகப் பிறந்து, 1881இல் அலபாமாவில் டஸ்கீகி கல்விக்கூடத்தைக் கட்டியெழுப்பிய புக்கர் டி. வாஷிங்டன், முதலில் தொழில் கற்போம், உழைத்து நிமிர்வோம், உரிமை பிறகு வரும் என்றார். டபிள்யூ. இ. பி. டுபோய்ஸ் அதை ஏற்கவில்லை. வாக்கும் உயர்கல்வியும் மறுக்கப்பட்டவர்களிடம் உழைப்பை மட்டும் கேட்பது நியாயமில்லை என்றார். சமூகத்தில் உயர்கல்வி பெற்ற ஒரு பங்கினர் மற்றவர்களைத் தூக்கிவிட வேண்டும் என்பதும் அவர் 1903இல் எழுதிய கருத்து.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தோடு உள்ள உறவு இந்தியாவுக்குப் புதிதன்று. ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். சொந்த முயற்சிக்குத் தமிழ்நாட்டு எடுத்துக்காட்டாக, சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தார். வீடு வீடாகப் பிள்ளை கேட்டுப் பள்ளி நடத்தியவர்களுக்குச் சொந்த முயற்சியின் அருமை தெரியும். உரிமையில்லாமல் முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

மலையாளி மக்களைப் பொறுத்தவரை இதற்கு வாச்சாத்தியே சாட்சி. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த மலையாளி ஊரில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து ஊரையே சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடியும் முன்பே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அதை உறுதிசெய்தது. ஊரில் இருந்த புத்தகமும் தானியமும் பாத்திரமும் அழிந்துபோன பிறகு, அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பொறுப்போடு படியுங்கள் என்று மட்டும் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனாலும் அந்த ஊர்ப் பெண்கள் 30 ஆண்டுக்கு மேல் சாட்சி மாறாமல் நின்றார்கள். பொறுப்பு என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இந்த மலைகளில் இல்லை.

முன்மாதிரிகள்

யாரைப் பார்த்துப் பிள்ளை வளர்கிறது என்பது சிறிய செய்தியன்று. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது, சித்தேரி மலைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஊரில் கையில் பணத்தோடு திரிபவர் ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் மட்டுமே என்றால், பதினாறு வயதுப் பையனுக்கு அவரே வழிகாட்டி. படித்த ஆள் ஊரில் இல்லாத வெற்றிடத்தை மேஸ்திரி நிரப்புகிறார்.

இப்போது அந்த வெற்றிடம் மெல்ல நிரம்பி வருகிறது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த மலையாளிப் பெண் ஸ்ரீபதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்ற செய்தி 2024 பிப்ரவரியில் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்கு வந்து தேர்வெழுதியவர் அவர். அதே ஆண்டில் பச்சை மலையின் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருவர் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்றார். 2025இல் சேலம் மாவட்டக் கல்வராயன் மலையின் கருமந்துறைப் பள்ளி மாணவி ஒருவருக்குச் சென்னை ஐஐடியில் இடம் கிடைத்தது. மூவரும் பெண்கள் என்பது கவனிக்கத்தக்கது. மலையில் முதலில் படிப்பு நிற்பது பெண்ணுக்குத்தான்.

ஸ்ரீபதியின் மனவுறுதியைப் போற்றாமல் இருக்க முடியாது. ஆனால் பிரசவமான இரண்டாம் நாளே பயணம் செய்துதான் ஒரு பழங்குடிப் பெண் நீதிபதியாக வேண்டும் என்ற நிலையையும் சேர்த்துப் போற்றிவிடக் கூடாது. வழி எளிதாக இருந்தால் இன்னும் நூறு பேர் வந்திருப்பார்கள். அரசு பழங்குடியினர் பள்ளியிலிருந்து ஐஐடிக்குப் போன மாணவியின் வெற்றியில், அந்தப் பள்ளியில் பாடம் நடத்த ஆசிரியர் இருந்தார் என்ற உண்மையும் அடங்கியிருக்கிறது. எட்டாத உயரத்தில் இருப்பவர் வியப்பைத் தருவார். அடுத்த தெருவிலிருந்து படித்துப் போன செவிலியர், காவலர், கிராம நிர்வாக அலுவலர்தான் நம்பிக்கையைத் தருவார். எந்தச் சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும், முதல் பட்டதாரி சலுகையை எப்படிக் கேட்பது, விடுதிக்கு எப்போது எழுதிப்போடுவது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். மாநில வேலைவாய்ப்பிலும் கல்வியிலும் பழங்குடியினருக்கென 1990இல் தனியாகப் பிரிக்கப்பட்ட ஒதுக்கீடு 1 விழுக்காடு. இந்த இரண்டும் முன்மாதிரிகளை உருவாக்கும் வாசல்கள். 1 விழுக்காட்டு இடங்களும் நிரம்ப வேண்டுமானால், அந்த இடத்துக்கு எழுதிப்போடும் அளவுக்குப் படித்தவர்கள் மலையில் இருக்க வேண்டும்.

மே மாதம்

சேர்வராயன் கோயில் மலையின் உச்சிப் பகுதியில் உள்ள குகைக் கோயில். ஆண்டுத் திருவிழா மே மாதத்தில் நடக்கும். மலை ஊர்களின் மக்கள் திரண்டு வருவார்கள், வெளியூர் போனவர்களும் அப்போது வீடு திரும்புவார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வருவதும் மே மாதத்தில்தான். அந்தச் சில வாரங்களில்தான் ஒவ்வொரு வீட்டிலும் முடிவு எடுக்கப்படுகிறது: பிள்ளை மேலே படிக்கப் போகிறதா, திருப்பூருக்குப் பேருந்து ஏறப் போகிறதா, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்களா என்று. படித்து வேலையில் அமர்ந்த மலையாளிகள் திருவிழாவுக்கு ஊர் வரும்போது, கோயிலுக்குப் போய்வந்த கையோடு அந்த வீடுகளின் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள், சான்றிதழ் வாங்கக் கூடவே சேலத்துக்குப் போய் வாருங்கள்.