அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம்: மரணக் கணக்கிலிருந்து தகரக் கூரை வரை

வெப்ப அலையில் இறப்பவர்கள் பலரது இறப்புச் சான்றிதழில் வெப்பம் என்ற காரணமே இடம்பெறுவதில்லை. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, மூச்சுத்திணறல் என்றே பதிவாகிறது. புயலும் வெள்ளமும் பேரிடராக மதிக்கப்பட்ட காலத்தில் வெப்பம் வெறும் கோடை உபாதையாகக் கருதப்பட்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் துணிபு.

1995 ஜூலையில் சிகாகோ வெப்ப அலை எழுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தனித்து வாழ்ந்த முதியவர்களும் ஏழைகளும் அவர்களில் மிகுதி. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் ஏறத்தாழ 15,000 பேரை இழந்தது; மறு ஆண்டே தேசிய வெப்ப அலைத் திட்டத்தை வகுத்தது. இந்தியாவில் 1998இல் ஒடிசா மட்டும் 2,042 மரணங்களைப் பதிவுசெய்தது. ஆனாலும் ஒரு நகராட்சி தனக்கென முழுமையான திட்டம் வகுக்க மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சான்றிதழில் என்ன காரணம் எழுதப்பட்டிருந்தாலும் அம்மாத மரணங்கள் அனைத்தையும் திரட்டி, முன்பின் ஆண்டுகளின் மே மாதத்தோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். வழக்கத்தைவிட 1,344 பேர், அதாவது 43 விழுக்காடு, கூடுதலாக இறந்திருந்தனர். இக்கணக்கு 2014இல் ஆய்விதழில் வெளிவரும் முன்பே, 2013இல், அகமதாபாத் மாநகராட்சி காந்திநகர் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தோடும் அமெரிக்க ஆய்வமைப்புகளோடும் சேர்ந்து தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

அதன் உள்ளமைப்பு எளிது. ஏழு நாள் முன்னறிவிப்பு, 41.1 டிகிரியில் மஞ்சள், 43.1இல் ஆரஞ்சு, 45இல் சிவப்பு எச்சரிக்கை, யார் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற வரிசை, பொறுப்பதிகாரி ஒருவர். மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. நகராட்சி மருத்துவமனை ஒன்றில் மொட்டை மாடிக்கு நேர்கீழே இருந்த பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு கீழ்த்தளத்துக்கு மாறியது. பெருஞ்செலவில்லாத இந்த இடமாற்றத்தை எத்தனை ஊர்கள் பின்பற்றியிருக்கலாம்! திட்டம் ஆண்டுக்குச் சுமார் 1,190 உயிர்களைக் காத்திருக்கலாம் என 2018இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

எனினும், நண்பகலில் வீட்டுக்குள் இருங்கள் என்ற அறிவுரை குடிசைப்பகுதியில் பொருளிழந்துவிடுகிறது. தகரக் கூரையின் கீழ் நாள் முழுவதும் அகர்பத்தி உருட்டும், துணி தைக்கும் பெண்ணுக்கு வீடே பணியிடம். வெப்பம் தேங்குவதும் அங்கேதான். இந்த இடைவெளியைக் கண்டு நிரப்ப முயன்றவர்கள் பெண்களின் அமைப்புகள். சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவிலிருந்து பிறந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட், குடியிருப்போரையே கூட்டி, கூரைகளுக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு பூசவைத்தது. 2017இல் மாநகராட்சித் திட்டத்துக்குள்ளும் குளிர் கூரைகள் நுழைந்தன. 2023இல் சேவா, குஜராத்தில் சுமார் 21,000 பெண்களுக்கு வெப்பக் காப்பீட்டைத் தொடங்கியது. வெப்பநிலை குறித்த வரம்பைத் தாண்டினால், இழந்த கூலிக்கு ஈடாகப் பணம் வரும் ஏற்பாடு அது.

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டதும் திட்டங்கள் பெருகின. ஆனால் கொள்கை ஆய்வு மையம் 2023இல் ஆராய்ந்த 37 திட்டங்களில் இரண்டே இரண்டுதான் தம் ஊரில் யார் அதிக ஆபத்தில் உள்ளனர் என்று முறையாகக் கணித்திருந்தன. பிற ஊரின் அட்டவணையைப் படியெடுப்பது எளிது. தெருத்தெருவாகக் கேட்டறிவதுதான் கடினம்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணத்துக்கு வழிசெய்தது. வரவேற்கத்தக்க படி இது. ஆயினும் நம் கடலோரத்தின் சிக்கல் வேறு: ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை, உடல் தணிவதில்லை, இரவும் ஆறுதல் தருவதில்லை. அகமதாபாத்தின் 41.1 டிகிரியை அப்படியே சென்னைக்குப் பெயர்த்தால், உயிருக்கு ஆபத்தான புழுக்க நாள்கள் பல மஞ்சள் எச்சரிக்கையைக்கூட எட்டாமல் கடந்துபோகும்.