நூலும் சிறகும்: வடமராட்சிப் பட்டக்கலையும் ஈரடுக்குச் சிறகு விமானமும்

விமானத்தின் வரலாற்றை எழுதுவோர் 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் திகதியைத் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். றைற் சகோதரரின் ஈரடுக்குச் சிறகு விமானம் அமெரிக்காவின் கிற்றி ஹோக் மணல்வெளியில் முதன்முதலாக 12 செக்கன்கள் பறந்தது அன்றேயாகும். ஆயின், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அச்சகோதரர் மற்றோர் ஈரடுக்குச் சிறகை வானில் ஏற்றியிருந்தனர். 1899 ஆம் ஆண்டிலே டேற்றன் நகரிற் பறந்த அது, 5 அடி நீளச் சிறகுகளையுடைய ஒரு பட்டம். இரு தடிகளிற் கட்டப்பட்ட நான்கு நூல்களைக் கொண்டு, தரையில் நின்றவாறே அதன் சிறகுகளை முறுக்கி, விரும்பிய பக்கத்துக்குச் சாய்க்க முடிந்தது. தரையிலிருந்து ஆளப்பட்ட மாதிரி விமானம் என அதனை அழைப்பது பொருந்தும். சாய்வை ஆளும் வித்தையை மனிதன் முதலிற் கற்றது நூலின் நுனியிலேயாம்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நோக்கும்போது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பட்டக்கலை சிறுவர் விளையாட்டு என்ற வரையறைக்குள் அடங்காமை புலனாகும். மாரி மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று நிலைபெறும் மார்கழி, தை மாதங்களே இங்கு பட்டக்காலம். கொக்கு, பிராந்து, எட்டுமூலை, படலம், பெட்டி எனப் பட்டங்கள் பலவகைப்படும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிகழும் பட்டப்போட்டி இக்கலையின் உச்சம் எனலாம். விமானம், கப்பல், பறவை முதலியவற்றின் முப்பரிமாண வடிவங்கள் அங்கே நூலில் எழுகின்றன. இவ்வூர் கப்பல் கட்டுதலுக்கும் பேர்போனது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, இவ்வூர் மாலுமிகளுடன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938 ஆகஸ்ட் 1 ஆம் திகதி குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. பாயின் வளைவையும் கயிற்றின் இழுவையையும் காற்றின் போக்கையும் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஊரில் பட்டக்கலை செழித்தமை தற்செயலானது அன்று எனக் கருத இடமுண்டு.

குடாநாட்டுப் பிள்ளைகள் அறிந்த பெட்டிப் பட்டத்துக்கு உலக விமான வரலாற்றில் தனியிடம் உண்டு. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த லோறன்ஸ் ஹாகிறேவ் என்பார் 1893 ஆம் ஆண்டில் அதன் அமைப்பை உருவாக்கினார். 1894 நவம்பர் 12 ஆம் திகதி, ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில், ஒரே வடத்திற் கட்டிய நான்கு பெட்டிப் பட்டங்களின் துணையால் அவர் தரையிலிருந்து 16 அடி உயர்ந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு தளங்களைத் தாங்குகட்டைகளால் இணைத்தால், குறைந்த பாரத்தில் மிகுந்த உறுதி கிட்டும் என்பதை அப்பட்டம் மெய்ப்பித்தது. 1906 ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் சாந்தோஸ் டூமோ பறக்கவிட்ட விமானத்தின் சிறகுகள் பெட்டிப் பட்டங்களின் தொடரேயாகும். ஹாகிறேவ் தமது கண்டுபிடிப்புகளுக்கு உரிமைப் பத்திரம் பெற மறுத்து, யாவரும் பயன்கொள்ளுமாறு அவற்றை வெளியிட்டமை ஈண்டு குறிப்பிடத்தக்கது.

அவர் திட்டமிட்டுச் செய்ததைப் பருத்தித்துறைப் பகுதி இளைஞர் ஒருவர் திட்டமின்றிச் செய்ய நேர்ந்தது. 2021 டிசம்பரில் பலர் சேர்ந்து பெரும் பட்டம் ஒன்றை ஏற்றியபோது, ஏனையோர் கயிற்றை விட்டுவிட, பிடியை விடாத அவரைப் பட்டம் வானுக்கு உயர்த்திச் சென்றது. அவர் உயிர் தப்பினார். காணொளியாகப் பரவிய அந்நிகழ்ச்சி உலகினர்க்கு வேடிக்கையாயிற்று. ஆளைத் தூக்கும் அளவுக்கு ஆற்றல் வாய்ந்த கட்டமைப்பை ஊர்க் கைகள் கட்டியுள்ளன என்பதே அதில் வரலாற்று மாணவர் காணவேண்டிய செய்தி.

பட்டம் கட்டுதலிலும் பழுதுபார்த்தலிலும் பொதிந்துள்ள அறிவு நுட்பமானது. மூங்கிலைச் சிலாகையாக வார்ந்து, இருபுறமும் ஒரே பாரமும் ஒரே வளைவும் உடையதாக இழைக்க வேண்டும். ஒருபுறம் விறைப்பு மிகுந்தால் மறுபுறம் காற்றுக்கு அதிகமாக வளைந்துகொடுக்கும். பட்டம் சாய்ந்து குத்தும். எனவே ஒருபுறச் சிலாகை முறிந்தால் புதியதை மறுபுறத்தோடு ஒப்பிட்டு இழைத்தல் வேண்டும். கிழிந்த தாளுக்கு ஒட்டுப்போடும்போதும் பசையின் பாரம் கணக்கில் வரும். முச்சையின் நூல்களைச் சிறிது கூட்டிக் குறைத்தால், பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் மாறும். பழைய ஈரடுக்குச் சிறகு விமானத்தையோ அதன் பெரிய மாதிரியையோ புதுப்பிப்பவரும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவரே. பழைய துணியை உரித்து, உள்ளிருக்கும் மரச்சட்டங்களைச் சோதித்து, பழுதானவற்றை மாற்றி, மீண்டும் போர்த்துகையில், வாலிற் சேரும் சிறு பாரமும் மூக்கில் ஈடுசெய்யப்படல் வேண்டும். பாரமையம் பின்னே விலகின், அழகாகப் புதுப்பித்த விமானமும் வீழ்ந்துபடும்.

பட்டத்தில் நாண்போலப் பூட்டப்படும் விண் மற்றொரு சான்று. வில்லில் இழுத்துக் கட்டிய தட்டையான நாடா காற்றில் அதிர்ந்து ஓயாது ஒலிக்கும். இராக்காலத்திலும் ஊரெங்கும் கேட்கும் அவ்வொலியைக் கொண்டே பட்டம் நிலையாக நிற்பதை அறிவர். மெல்லிய தளம் காற்றோட்டத்தில் தானே அதிரும் இவ்வியல்பே, விமானச் சிறகில் தோன்றினால், அதனை முறித்துவிடக் கூடிய பேராபத்தாகும். பொறியியலாளர் அஞ்சி விலக்கிய அதிர்வை யாழ்ப்பாணத்தார் இசையாக்கினர்.

நூலின் இடத்தை வானொலி அலை பிடித்தது பிற்காலத்தில் ஆகும். 1935 ஆம் ஆண்டில் பிரித்தானியர், ரைகர் மொத் என்னும் ஈரடுக்குச் சிறகு விமானத்தைத் தழுவி, குயீன் பீ என்னும் விமானத்தை ஆக்கினர். விமானி இன்றி, தரையிலிருந்து வானொலியால் இயக்கப்பட்ட அது, விமான எதிர்ப்புப் பீரங்கியாளர்க்குப் பயிற்சி இலக்காகப் பயன்பட்டது. 1937 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் குட் சகோதரர் வானொலியால் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைப் பறக்கவிட்டனர். விளையாட்டும் போரும் ஒரே தொழில்நுட்பத்தின் இரு கிளைகளாக அன்றே பிரிந்தன.

அவ்விரு கிளைகளையும் குடாநாட்டு வானம் கண்டுள்ளது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படைக்காகப் பலாலியில் விமானத்தளம் எழுந்தது. 1947 டிசம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நிகழ்ந்தபோது, விமானம் குடாநாட்டார்க்கு அயலூர்ப் பயணமாயிற்று. பின்னர் வந்த போர் அதனை அச்சத்தின் குறியாக்கிற்று. 1987 மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. வானிலிருந்தும் குண்டுகள் வீழ்ந்தன. அவ்வாண்டு ஜூன் 4 ஆம் திகதி இந்திய விமானங்கள் குடாநாட்டின் மீது உணவுப் பொதிகளை இட்டன. அழிவும் அன்னமும் ஒரே வானிலிருந்து வந்த காலம் அது. போர் 2009 இல் முடிந்தது. பலாலியிலிருந்து தமிழகத்துக்கான விமானப் பயணம் 2019 இல் மீண்டும் தொடங்கியது. விமான ஒலி கேட்டுப் பதுங்குகுழி தேடிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று விண்ணொலி கேட்டு அண்ணாந்து பார்க்கின்றனர். வானத்தின் பொருள் மாறியமைக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கலையின் வரலாற்றுச் சான்றுகள் எங்கே உள்ளன என்பதே இனி எழும் வினா. ஹாகிறேவ் தமது மாதிரிகளை 1910 ஆம் ஆண்டில் மியூனிக் நகர அருங்காட்சியகத்துக்கு அளித்தார். இரண்டாம் உலகப் போரில் அவற்றுட் பெரும்பாலானவை அழிந்தன. எஞ்சிய சிலவே பின்னர் சிட்னிக்கு மீண்டன. ஆயினும் அவர் குறிப்புகளையும் அளவுகளையும் அச்சிட்டு வைத்தமையால், பெட்டிப் பட்டத்தை எவரும் மீளக் கட்ட முடிகின்றது. யாழ்ப்பாணத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 1981 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. எழுதப்பட்டவை எரிந்தன, எழுதப்படாத பட்டக்கலையோ கைகளில் தங்கி உயிர்பிழைத்தது. ஆயினும் அக்கைகளும் மூப்படைகின்றன; பல புலம்பெயர்ந்துவிட்டன. தாளும் மூங்கிலும் ஓராண்டுப் பொருள்கள். போட்டியில் முதலிடம் பெற்ற பட்டமும் அடுத்த மாரிவரை நிலைப்பது அரிது.

பறக்கும் பொருளைப் பெட்டகத்தில் வைத்துப் பேணுதல் பாதிப் பேணலே. மீளக் கட்டிப் பறக்கவிடும்போதே, அதன் முச்சையும் பாரமும் வளைவும் ஏன் அவ்வாறு அமைந்தன என்பது விளங்கும். அவ்வாறு கட்டுவதற்கு அளவுகள் வேண்டும். வடமராட்சியின் முதிய பட்டக்காரரிடம் சென்று, ஒவ்வொரு வகைப் பட்டத்தின் சிலாகை நீளம், தடிப்பு, முச்சை அமைப்பு, விண்ணின் பொருள், காற்றுக்கான பெயர்கள் ஆகியவற்றை அளந்தும் வரைந்தும் பதிவுசெய்தல், பெருஞ் செலவின்றி மாணவர் சிலராற் செய்யக்கூடிய பணியாகும். அளவுநாடாவும் குறிப்பேடும் ஒரு பட்டக்காலமும் அதற்குப் போதும்.