கீவ் காத்த பாக்

1999-இல் கீவ் நகரின் அரசு ஆவணக் காப்பகம் ஒன்றில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இசைப் படிகள் அடையாளம் காணப்பட்டன. பெர்லின் சிங் அகாடமி என்ற பாடகர் கழகத்தின் சேகரம் அது. 1943-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சிச் சிலேசியாவுக்கு அனுப்பப்பட்டது. போர் முடிந்ததும் சோவியத் படையினர் எடுத்துச் சென்றனர். தொலைந்தே போனது என்று உலகம் நம்பியிருந்தது. பாக்கின் மகன் கார்ல் பிலிப் இமானுவேலின் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் அச்சேறாத இசையும், செபாஸ்டியன் பாக் தன் முன்னோரின் ஆக்கங்களைப் பேணி வைத்த குடும்பத் தொகுப்பும் அதில் இருந்தன. 2001-இல் உக்ரைன் அவற்றைப் பெர்லினிடம் திருப்பி ஒப்படைத்தது.

பாக் காலத்துப் பரோக் இசையும் உக்ரைன் இசையும் ஒரே அறையிசைக் கச்சேரியில் சேரும்போது, அதை 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது தொடுத்த போருக்குப் பிந்திய பரிவின் அடையாளமாகவே பலர் காண்கிறார்கள். பரிவு வேண்டியதுதான். ஆனால் இந்த உறவு அந்தப் போரைவிட மிகப் பழையது.

உக்ரைனில் பரோக் குரலில் வாழ்ந்தது. கீழைத் திருச்சபை வழிபாட்டில் இசைக்கருவிகளுக்கு இடமில்லை. ஆகவே வெனிசில் பித்தளைக் குழல்களும் பாடகர் குழுக்களும் எதிரெதிர் நின்று எழுப்பிய முழக்கத்தை, இங்கே எட்டு, பன்னிரண்டு தனித்தனிக் குரல்களாகப் பிரிந்த மனிதத் தொண்டைகளே எழுப்பின. பார்த்தெஸ் பாடல் என்பது அதன் பெயர். அதற்கு இலக்கணம் வகுத்தவர் மிகோலா திலெத்ஸ்கி. 1670-களில் அவர் எழுதிய நூல் படிகளாகப் பெருகிப் பரவியது. கருவியிசையை மட்டுமே கொண்டு நிரல் அமைப்பவர்கள் பாக்கிலிருந்து நேராக இருபதாம் நூற்றாண்டுக்குத் தாவுவதற்குக் காரணம், உக்ரைனின் பரோக் இப்படிக் குரலில் வாழ்ந்ததே. நான்கு பாடகர்களையேனும் மேடையேற்றாத நிரல் எனக்குக் குறைபட்டதாகவே தோன்றுகிறது.

இடையில் ஒரு பாலமும் உண்டு. இசையமைப்பாளர் மக்சிம் பெரெசோவ்ஸ்கியை 1771-இல் இத்தாலியின் போலோஞாவின் இசைக் கழகம் உறுப்பினராக ஏற்றது. முந்தைய ஆண்டு மொசார்ட் நுழைந்த அதே வாயில். இசை ஆசிரியரான பாதிரியார் மார்த்தினியின் ஊர் போலோஞா. பாக்கின் கடைசி மகன் யோகான் கிறிஸ்டியான் அவரிடம்தான் பாடம் கேட்டார். 1772-இல் பீசாவில் பெரெசோவ்ஸ்கி வயலினுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் எழுதிய சி மேஜர் சொனாட்டாவின் நடை, பரோக்கைக் கடந்துவிட்ட நடை. ஆனால் கொரெல்லியை அடுத்து அதைக் கேட்டால், இத்தாலிய வயலின் மரபில் அதுவும் ஒரு கண்ணி என்பது காதுக்கே விளங்கிவிடும். முப்பத்திரண்டு வயதளவில், 1777-இல், அவர் மறைந்தார்.

இருபதாம் நூற்றாண்டில் உக்ரைன் இசையமைப்பாளர் மிரோஸ்லாவ் ஸ்கோரிக் தன் படைப்புகள் பலவற்றுக்குப் பார்ட்டிட்டா என்ற பரோக் கால வடிவத்தின் பெயரையே இட்டார். மற்றோர் உக்ரைன் இசையமைப்பாளரான வாலெந்தின் சில்வெஸ்த்ரோவின் வழி வேறு. தன் இசையை, முன்பே ஒலித்த இசைக்கு எழும் எதிரொலியாக அவர் கருதுகிறார். 1996-இல் மனைவி இறந்தபின் எழுதிய ‘தூதன்’ என்ற ஆக்கத்தில் மொசார்ட் காலத்து மெட்டொன்று, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மெல்லக் கேட்கும். பாக்கின் மெதுவான பகுதி ஒன்று முடிந்ததும், கைதட்டலுக்கு இடம் விடாமல் இதைத் தொடங்க வேண்டும். அந்த மௌனமும் நிரலின் பகுதி.

2022 மார்ச்சில், எண்பத்து நான்கு வயதில், சில்வெஸ்த்ரோவ் கீவை விட்டுப் புறப்பட்டார். அவருக்குப் புகலிடம் தந்தது பெர்லின். இருபத்தோராண்டுகளுக்கு முன் பாக் குடும்பத்தின் தாள்கள் கீவிலிருந்து திரும்பிச் சென்ற ஊர்.