கல்முனைப் பிள்ளைகளும் கெம்பஸ் வாசலும்

1942 ஏப்ரலில் ஏ. எம். ஏ. அஸீஸ் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து சேர்ந்தார். கொழும்பிலும் திருகோணமலையிலும் யப்பான் விமானங்கள் குண்டு போட்ட மாதம் அது. பர்மா அரிசி வரத்து நின்றுபோய், கிழக்கின் வயல்களை நம்பி நாடு உலை வைக்கவேண்டிய நிலை. அதற்காகவே கல்முனையில் ஓர் அவசரகாலக் கச்சேரியைத் திறந்தார்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அஸீஸ், இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம். நெல் விளைச்சலைப் பெருக்க வந்தவரை இங்குள்ள பள்ளிக்கூடங்களின் நிலைதான் உறங்கவிடாமல் செய்தது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று எல்லாம் வயலும் கடலும் தறியும் சோறு போட்ட ஊர்கள். நிலக்காரப் போடிமாரின் பட்டறைகளில் நெல் நிறைந்திருந்தது. பட்டதாரி என்று சொல்லத்தான் ஆளைத் தேடவேண்டியிருந்தது. கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிடுவான் என்ற பயத்தில் முஸ்லிம்களான நம்மவர்கள் பலர் அந்தப் பக்கம் அனுப்பவில்லை. குர்ஆன் மத்ரஸாவோடு படிப்பு முடிந்தது. பக்கத்து ஊரான காரைதீவின் மயில்வாகனம் அதே மிஷன் பள்ளியில் படித்து, சுவாமி விபுலாநந்தராகி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இரண்டு ஊருக்கும் இடையே நடந்துபோகிற தூரம்தான்.

விபுலாநந்தரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அஸீஸ் பேசிப் பழகினார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் 1942இல் உருவானது. மூன்று ஆண்டு கழித்து, 1945 மே 19ஆம் திகதி, கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தொடங்கப்பட்டது. தலைநகரில் பதிவான நிதி என்றாலும் அதன் வித்து கல்முனையில் விழுந்தது என்றே நான் கொள்கிறேன். அதே 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. வகுப்பறைக் கட்டணம் இல்லாமல் போனது. ஆனால் கல்முனைப் பக்கத்துக் கரைவாகுப் பையன் ஒருவன் கொழும்பில் தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாவற்றுக்கும் காசு யார் கொடுப்பது? அந்த இடைவெளியைத்தான் இந்த நிதி நிரப்பப் பார்த்தது. கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியில் 1949இல் கல்முனையில் ஸாஹிரா எழுந்தது. அதற்குப் பிறகு ஊரிலேயே மேல்வகுப்புப் படிக்கும் வழி பிறந்தது.

அடுத்த திருப்பம் எழுபதுகளில் வந்தது. அதைப் பேசும்போது நம்மவர்கள் ஒரு பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1970இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளி வைத்தார்கள். பொறியியலுக்குத் தமிழ்மொழி மாணவருக்கு 250, சிங்கள மொழி மாணவருக்கு 227. பரீட்சைத் தாளில் இனம் இல்லை, மொழிதான் இருந்தது. தமிழில் எழுதிய கல்முனை முஸ்லிம் பிள்ளைக்கும் அந்த 250தான். 1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் பறிகொடுத்தார்கள், கிழக்கின் பிள்ளைகளுக்கோ வாசல் கொஞ்சம் திறந்தது. அந்த அநியாயத்தையும் இந்த ஆதாயத்தையும் ஒன்றாகச் சொன்னால்தான் வரலாறு நேராக நிற்கும். எங்கள் தலைமுறையில் எத்தனையோ வீட்டின் முதல் பட்டதாரி அந்தக் கோட்டாவால் வந்தவர். அவர் படிப்பைக் குறைத்துப் பேசுகிறவர்களை நான் ஏற்கமாட்டேன்.

இன்றைய கணக்கில் பெரும்பாலான துறைகளுக்கு நூற்றுக்கு 40 இடம் நாடு தழுவிய திறமைக்கு, 55 மாவட்டச் சனத்தொகைக்கு, 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அம்பாறை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து பிரிந்து 1961இல் உருவான மாவட்டம் இது. கரையோரத்தில் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும், உள்ளே கல்லோயாக் குடியேற்றங்களில் சிங்களவரும் வாழ்கிறோம். ஒரே கோட்டாவை எல்லோரும் பங்குபோடுகிறோம். எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. கோட்டாவின் கண்ணுக்கு மாவட்டம் தெரியும், வீடு தெரியாது. கல்முனையில் ரியூசனுக்கு மேல் ரியூசன் போகும் டொக்டரின் பிள்ளையும், விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் கிடைக்காமல் தவிக்கும் பொத்துவில் பிள்ளையும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். பெறுபேறு வந்தால் எங்கள் வீட்டு விறாந்தை நிரம்பிவிடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை விரித்துவைத்து, பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உரிய குறியீடுகளை முதலில் பென்சிலால் வரிசைப்படுத்துவோம். பிறகுதான் பேனை. கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, கடைசி மூன்று ஆண்டும் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்ற அதிபரின் சான்று எல்லாம் ஒரு கோப்பில் சேரவேண்டும். மாவட்டத்தைத் தீர்மானிப்பது அந்த மூன்று ஆண்டுதான். இப்போது எல்லாம் இணையத்தில் போகிறது, அப்போது பதிவுத் தபால். கரைவலை இழுக்கும் ஒரு வாப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "சேர், பேராதனைய முதல்ல போடவா, ஒலுவில முதல்ல போடவா? பொம்புளப் புள்ள, தூரத்துக்கு அனுப்ப ஏலா" என்றார். மகள் வாய் திறக்கவில்லை, பேராதனை என்ற வரியிலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நான் வாப்பாவிடம் விடுதி வசதியையும் மஹாபொல உதவிப்பணத்தையும் பற்றி நெடுநேரம் பேசினேன். பேராதனைதான் முதலில் எழுதப்பட்டது.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இல்லையென்றால் அப்படிப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் வீட்டிலேயே நின்றிருப்பார்கள். 1990இன் கலவரங்களுக்குப் பிறகு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பது முஸ்லிம் மாணவருக்கு முடியாத காரியமாகியது. சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்த முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரப்பின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி உருவானது. அடுத்த ஆண்டே அது முழுப் பல்கலைக்கழகமானது. இங்குள்ள பெண்பிள்ளைகளின் படிப்பில் அதைப்போல மாற்றம் செய்த வேறொன்றை நான் காணவில்லை.

ஆனால் இடம் கிடைத்தவுடன் கதை முடிந்துவிடுவதில்லை. பதின்மூன்று ஆண்டு தமிழில் படித்த பிள்ளை முகாமைத்துவத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ போனால் முதல் விரிவுரையே ஆங்கிலத்தில். கெட்டிக்காரப் பிள்ளைகள் முதலாம் அரையாண்டிலேயே மனமுடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். உயர்தரம் எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, விரிவுரை தொடங்குவதற்குள் நம் நாட்டில் ஓராண்டுக்கு மேல் போய்விடுகிறது. அந்த ஓராண்டில் ஆண்பிள்ளை கட்டாருக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அரசுக்கும் இந்தக் காலம் தெரியாததல்ல. 2011இல் புதுமுக மாணவர்களை மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி என்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது ஆங்கிலமும், கட்டுரை எழுதும் பழக்கமும், நூலகத்தைக் கையாளும் முறையும்.

வேறு நாடுகளில் இதற்கென்றே ஓர் ஆண்டை ஒதுக்குகிறார்கள். ஒக்ஸ்போட்டின் லேடி மார்கிரட் ஹோல் கல்லூரி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியைப் பார்த்து, 2016இல் அடித்தள ஆண்டு ஒன்றைத் தொடங்கியது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை வழமையான புள்ளிக்குக் குறைவாக இருந்தாலும் எடுத்து, தங்குமிடமும் படிப்பும் இலவசமாகக் கொடுத்து, ஓராண்டு ஆயத்தப்படுத்தியது. கேம்பிரிட்ஜ் 2022இலும், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகமாகவே 2023இலும் அதே வழிக்கு வந்தன. அங்கே விண்ணப்பத்தில் வீட்டு வருமானமும் படித்த பள்ளிக்கூடத்தின் நிலையும் பார்க்கப்படுகின்றன. நம் மாவட்டக் கோட்டா பார்க்காமல் விடுவது அதைத்தான். அவர்கள் அந்த ஓராண்டைப் புதிதாக உண்டாக்கவேண்டியிருந்தது. நம்மிடம் அது ஏற்கனவே சும்மா கிடக்கிறது.

இதற்குப் பாராளுமன்றச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கோட்டாவால் படித்து வந்து இன்று பொறியியலாளராக, டொக்டராக, விரிவுரையாளராக இருப்பவர்களிடமும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும் கேட்கிறேன். பொத்துவிலில் ஒரு வகுப்பறை, இறக்காமத்தில் ஒரு வகுப்பறை போதும். பரீட்சை முடிந்த அடுத்த மாதமே ஆங்கிலமும் எழுத்துப் பயிற்சியும் தொடங்குங்கள், பிள்ளைகளின் பஸ் காசை உங்கள் நிதியிலிருந்து கொடுங்கள். பொருளியலும் விண்ணப்ப வேலையும் என் பொறுப்பு. கூப்பிட்டால் வருவேன்.